அது என் கடை

அந்தப் புகை வர்ற கடைக்குத்தானே சார் போறீங்க? போங்க, வேண்டாங்கல. ஆனா செத்த நேரம் இப்படி நிழல்ல உட்காருங்க. காத்து அடிக்கிற நாள்ல உங்க கப்பல் சொன்ன நேரத்துக்கு வராது. அங்க எப்படியும் கூட்டம் நிக்குது, உங்களுக்குத் தட்டு கைக்கு வர நேரமாகும். ஒரு இளநி வெட்டித் தாரேன், குடிங்க. தமிழ்ப் பேச்சு காதுல விழுந்துச்சு, அதான் கூப்பிட்டேன். இந்தத் தீவுல தமிழாளு நெறய உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்கிட்ட பேசறவங்க கொறைஞ்சு போயிட்டாங்க.

அது என் கடை சார்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். அந்த எண்ணெய் டிரம்மை நெட்டுக்குப் பொளந்து அடுப்பாக்கினவன் நான். மேல போட்டிருக்காங்களே கம்பி வலை, அது ஒடஞ்ச படகுக் கூண்டுலேருந்து நான் அறுத்து எடுத்தது. நீங்க உட்காரப் போற பெஞ்சுப் பலகை பூராவும் கரையில ஒதுங்கின கட்டை, நான் ஒத்த ஆளா தோள்ல சுமந்து வந்தேன். எம்பேரு சூசைமாணிக்கம். ராமநாதபுரத்துக் கடக்கரைப் பக்கம் சொந்த ஊரு. மீன்பிடி படகுல கூலியா அந்தமானுக்கு வந்தவன், இங்கேயே நின்னுட்டேன். கலியாணமும் இங்கதான். பொண்டாட்டி பேரு செபஸ்தி. அவ இங்கயே பொறந்தவ. அவங்கப்பா பங்கிராசு அந்தக் காலத்துல சர்க்கார் வேலைக்கு வந்தவரு. அதனால அவளுக்கு இந்தி வரும், வங்காளம் வரும், வெள்ளைக்காரன் வந்தா அவன் பாசையிலயும் நாலு வார்த்தை வரும். எனக்குத் தமிழ் ஒண்ணுதான். ஆனா நான் பேசுனா அதுல மறைவு இருக்காது, பாத்துக்குங்க.

நான் பொறுமைக்காரன் சார். அதை மொதல்லயே சொல்லிடறேன், பின்னாடி நடந்ததைக் கேட்டுட்டு வேற மாதிரி நினைச்சிடக்கூடாது. எங்கம்மாவே சொல்லும், சூசைக்குக் கோவம் வராது, வந்தா நிக்காதுன்னு.

கடை நல்லாத்தான் போச்சு. வேற ஒண்ணும் கெடையாது அங்க, ஒரே சாப்பாடுதான். குழித்தட்டுல ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் தணல்ல சுட்ட சூரை மீனோ பாறை மீனோ எது அன்னைக்குக் கரைக்கு வருதோ அது, ரெண்டு கணவா, கொஞ்சம் மாங்காப் பச்சடி, ஓரத்துல பொடி வெங்காயம். கப்பலுக்குப் போறவனும் கப்பல்லேருந்து எறங்குறவனும் ஒரு வாய் தின்னுட்டுத்தான் போவான். மசாலா அவ அரைப்பா. தணல் என் பொறுப்பு. தேங்காச் சிரட்டைத் தணல் அது, கண்ணு எரியும், மூக்கு எரியும், நாள் பூரா நின்னா மூஞ்சி வெந்துபோகும். நான் நின்னேன். அவ முன்னாடி நின்னு சோறு போட்டா, சிரிச்சுப் பேசினா. எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க.

ஆனா பேரு யாருக்குப் போச்சு? செபஸ்தி அக்கா கடை, செபஸ்தி அக்கா கடை. கப்பல்காரன் சொல்றான், ஆட்டோக்காரன் சொல்றான், லாட்ஜுக்காரன் சொல்றான். எங்கிட்டயே வந்து ஒருத்தன் கேட்டான், செபஸ்தி அக்கா கடை எதுன்னு. மீனைத் திருப்பிக்கிட்டே நின்னேன். பொறுமை.

அப்ப பெங்களூர்லேருந்து ஒரு பொண்ணு வந்து பத்து நாள் போலத் தங்கியிருந்துச்சு. படம் வரையிற பொண்ணு. தெனமும் மத்தியானம் நம்ம கடையிலதான் சாப்பாடு. போறப்ப ஒரு பலகையில மீன் படம் போட்டு, இங்கிலீசுல எழுதி, கடை வாசல்ல மாட்டிட்டுப் போயிருச்சு. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. பக்கத்துல சங்கு விக்கிறவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். செபஸ்தி அக்காவின் சுட்ட மீன்னு போட்டிருக்குன்னான். அவ்வளவுதானா, வேற பேரு எதுவும் இல்லியான்னு கேட்டேன். இல்லன்னான்.

கோடாலியை எடுத்தேன். பலகையை எறக்கி நாலாப் பொளந்தேன், அடுப்புல சொருகினேன். விறகு விறகுதானே. பெயிண்டு நாத்தம் மீன்ல ஏறிருச்சுன்னு சாப்பிட வந்தவங்க மூஞ்சியைச் சுளிச்சாங்க. அவ வந்தா. என்னைப் பாக்கக்கூட இல்ல. துணியைக் கையில சுத்திக்கிட்டு கம்பி வலையைத் தூக்கி, இருந்த மீன் அத்தனையும் மண்ணுல கவுத்திட்டா. கவுத்திட்டு, சாப்பிட வந்தவங்ககிட்டத் திரும்பி இந்தியில என்னமோ சொன்னா. அவங்கல்லாம் தலையாட்டினாங்க.

நான் அறைஞ்சேன். ஒரே ஒரு அறை. காதுல பட்டுச்சு, அது உண்மை. ஆனா அவ திரும்பினதாலதான் காதுல பட்டுச்சு, நேரா நின்னிருந்தா கன்னத்துல பட்டிருக்கும். இதை அப்புறம் எத்தனை பேர்கிட்டச் சொல்லிட்டேன், ஒருத்தனும் காதுல வாங்கல. அவ பெஞ்சு மேல சாஞ்சா, பெஞ்சோட சேந்து விழுந்தா. சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு தடிச்ச ஆளு எழுந்திரிச்சுக் கையை நீட்டி எங்கிட்டக் கத்தினான். புருசன் பொண்டாட்டி விசயத்துல ஊர்பேர் தெரியாதவனுக்கு என்ன வேலை? கையில இருந்த இடுக்கியை எறிஞ்சேன். தணல்ல கெடந்த இடுக்கி. புருவத்துல பட்டுக் கிழிச்சிருச்சு, ரத்தம் அவன் சோத்துலயே விழுந்துச்சு. அந்தத் தட்டுக்கு நான் காசு கேக்கல. அந்த அளவுக்கு நியாயம் உண்டு எங்கிட்ட.

மறுநாள் அவ கடைக்கு வந்தா சார். காது வீங்கி, சேலையைத் தலையோட சுத்திக்கிட்டு, வழக்கம்போல மசாலா அரைச்சா. அதைப் பாத்து நான் என்ன நினைச்சேன்? பாசம்னு நினைச்சேன். பாசம் இல்லாம ஒருத்தி வருவாளா? அன்னைக்குக் கணவாத் துண்டு ரெண்டு பெரிசா எடுத்து அவ தட்டுல நானே வச்சேன். அவ தொடல.

இப்பத்தான் நிமாய் வர்றான்.

நிமாய்ங்கிறவன் வங்காளி. தீவுக்கு உள்ள வயக்காட்டுப் பக்கம் இருக்கிறவன். பூசணி, வெண்டை, மாங்கா எல்லாம் ஒரு சின்னப் படகுல ஏத்திக்கிட்டு அந்தப் பக்கத்துக் கால்வாய் வழியா கப்பல் நிக்கிற ஜெட்டிக்குக் கொண்டாருவான். பொண்டாட்டி செத்துப்போன ஆளு. ஒல்லியா இருப்பான், வெத்தல போட்டுப் போட்டுப் பல்லு செவந்து கெடக்கும். நம்ம கடைக்கு மாங்காயும் வெங்காயமும் அவன்தான். வருவான், கூடையை எறக்குவான், அவகிட்ட வங்காளத்துல பேசுவான். அவளும் பேசுவா. எனக்கு ஒரு எழுத்து புரியாது. சார், நீங்க ஒரு ஆம்பள, உங்க முன்னாடி உங்க பொண்டாட்டி உங்களுக்குப் புரியாத பாசையில இன்னொருத்தன்கிட்டப் பேசினா என்ன அர்த்தம்? மாங்கா வெல பேச அவ்வளவு நேரமா ஆகும்?

அந்த அறை விழுந்து கொஞ்ச நாளுதான் ஆகியிருந்துச்சு. நிமாய் கூடையை எறக்கிட்டு அவளைப் பாத்தான், தன் காதைத் தொட்டுக் காட்டி என்னமோ கேட்டான். அவ பதில் சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. அவனும் சிரிச்சான். நான் மீனைத் திருப்பிக்கிட்டிருக்கேன். எங்கிட்ட அவ சிரிச்சு எவ்வளவு காலமாச்சுன்னு அப்பத்தான் எனக்கு நெனப்பு வந்துச்சு.

அன்னைக்கு ஒண்ணும் செய்யல. மறுநாளும் செய்யல. பொறுத்தேன். அடுத்த தடவை அவன் படகு வந்தப்ப நானே ஜெட்டிக்குப் போனேன். கூடையைத் தூக்கிக் குடுக்க ஒத்தாசைக்கு வந்திருக்கேன்னுதான் அவன் நினைச்சிருப்பான். ஒரு காலு படகுல, ஒரு காலு படிக்கட்டுல, ரெண்டு கையிலயும் பூசணிக்கா. சிரிச்சான் என்னைப் பாத்து. துடுப்பு அங்கதான் சாத்தியிருந்துச்சு. எடுத்துக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல ஒண்ணு போட்டேன். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு, காஞ்ச குச்சி மாதிரி. பூசணிக்கா தண்ணியில விழுந்துச்சு. அவன் படகுக்கும் ஜெட்டிச் சுவருக்கும் நடுவுல விழுந்தான். மேல வரப் பாத்து சுவத்தைப் பிடிச்சான், நான் வெரல்ல ரெண்டாவது தடவை அடிச்சேன். அப்ப அலை வந்து படகைச் சுவத்தோட தள்ளிருச்சு. அவன் காலு நடுவுல இருந்துச்சு. ஒரு தடவை இல்ல, அலை போயிப் போயி வந்து இடிச்சுச்சு. அவன் கத்தின கத்து, காக்கா எல்லாம் எழும்பிப் பறந்துருச்சு.

காலை நான் ஒடிச்சேன்னு கேசுல எழுதினாங்க. நானா படகைத் தள்ளினேன்? அலை தள்ளிச்சு. கடல் செஞ்சதுக்கெல்லாம் மனுசன் பொறுப்பாவானா? ஸ்டேசன்ல பெரிய ஆபீசர்கிட்ட இதைத்தான் சொன்னேன். அவரு பேனாவைக் கீழ வச்சுட்டு என் மூஞ்சியையே பாத்தாரு, எழுதல.

அப்பத்தான் அவளும் நிமாயும் அன்னைக்கு என்ன பேசினாங்கன்னு தெரிஞ்சுச்சு. நிமாய் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே வாக்குமூலம் குடுத்திருக்கான், அதைத் தமிழ்ல எனக்குப் படிச்சாங்க. காதுல சீழ் வடியுதே, என்னாச்சுன்னு இவன் கேட்டிருக்கான். கிணத்துல விழுந்துட்டேன்னு அவ சொல்லியிருக்கா. எங்க வீட்டுல கிணறே கெடையாது சார், அந்த வரிசை பூராவும் குழாத் தண்ணிதான், அது அவனுக்கும் தெரியும். இல்லாத கிணத்துலயான்னு அவன் கேக்க, ஆமா, ரொம்ப ஆழம்னு அவ சொல்லியிருக்கா. அதுக்குத்தான் ரெண்டு பேரும் சிரிச்சிருக்காங்க. படிச்சவரு இந்த எடத்துல தொண்டையைச் செருமிக்கிட்டாரு. நான் சொன்னேன், பாத்தீங்களா, என்னை வச்சுத்தான் கேலி பண்ணியிருக்காங்க, நான் நினைச்சது சரியாப்போச்சுன்னு.

ஒரு மழைக்காலம் பூரா போர்ட்பிளேர்ல உள்ள இருந்தேன். அவ ஒரு தடவை வரல. ஒரு பீடிக்கட்டு குடுத்தனுப்பல. கொலைகாரனுக்குக்கூடப் பொண்டாட்டி வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுவுறா. நான் என்ன கொலையா செஞ்சேன்? அவளுக்குக் கடை இருக்கே, கப்பல் வருதே, வேலை சரியா இருந்திருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அங்க கெடந்தப்பவும் கடை நெனப்புதான். தணலை யார் பாக்கறாங்களோ, ஒரு பக்கம் கருகவிட்டு மறுபக்கம் பச்சையாக் குடுக்கறாளோன்னு.

ஜாமீன்ல வந்தேன். மத்தியானக் கப்பல்ல எறங்கினேன். இதே ஜெட்டிதான். வீட்டுக்குப் போகல, நேரா கடைக்கு. சரியான கூட்டம், வெயில்ல வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. சங்கு விக்கிறவன் என்னைப் பாத்துட்டுக் கடையைச் சாத்தினான். நான் கூட்டத்தை விலக்கிட்டு உள்ள போறேன். அடுப்பு முன்னாடி முக்காலி போட்டு ஒருத்தன் உட்காந்திருக்கான். என் எடத்துல. என் இடுக்கி கையில. பக்கத்துல கக்கத்துல ஊனி நடக்குற கட்டை ஒண்ணு சாத்தியிருக்கு.

நிமாய்.

கூடை தூக்க முடியாது, படகு ஓட்ட முடியாது, அதனால தணல் பாக்குற வேலை குடுத்திருக்கா. ஊர்ல அப்படித்தான் சொன்னாங்க. அவன் காலு போனது தன்னாலன்னு அவளுக்கு ஒரு எண்ணமாம். அவன் அக்காதான் பின்னாடி தட்டு கழுவுறாளாம். இதெல்லாம் ஊர்க்காரங்க சொல்றது. எனக்குத் தெரியாதா எதுக்கு ஒரு பொம்பள ஒரு ஆம்பளையக் கொண்டாந்து தன் அடுப்படியில உட்கார வைப்பான்னு?

அவ என்னைப் பாத்துட்டா. அடுப்புப் பக்கம் வராதன்னா. சத்தமாக்கூடச் சொல்லல, கரண்டி கையில அப்படியே இருக்கு. நான் என் அடுப்புக்குப் போறதுக்கு எவகிட்டக் கேக்கணும்? நிமாயோட பின்கழுத்தைப் பிடிச்சேன். அவன் எந்திரிக்கப் பாத்தான், அந்தக் காலை வச்சுக்கிட்டு முடியுமா? மூஞ்சியை வலைப் பக்கம் அமுக்கினேன். மீசை பொசுங்குற நாத்தம் வந்துச்சு. சும்மா பயங்காட்டத்தான் சார். அவ்வளவுதான், கொஞ்சம் அமுக்கிட்டு விட்டிருப்பேன். அவன் வங்காளத்துல கத்தறான், யாரோ பொம்பளைங்க அலறுறாங்க, ஒரு தட்டு கீழ விழுந்து உருளுது.

அவ தணல் அள்ளுற முறத்தை எடுத்தா. இரும்பு முறம், அதையும் நான்தான் அடிச்சு வச்சேன். அடுப்புக்கு அடியிலேருந்து ஒரு முறம் தணலை வாரி என் மேல கொட்டிட்டா. இந்தா பாருங்க. கழுத்துலேருந்து இந்த முழங்கை வரைக்கும். பாருங்க சார், மூஞ்சியைத் திருப்பாதீங்க. சட்டையும் தோலும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. சட்டைக்குள்ள ஒரு துண்டு போயி இடுப்புல நின்னுருச்சு, நான் மண்ணுல பொரண்டேன். அவ திரும்ப ஒரு முறம் அள்ளினா. அள்ளிக் கையில வச்சுக்கிட்டு நின்னா, நான் நிமாய் பக்கம் போறேனா இல்லியான்னு பாத்துக்கிட்டு. அத்தனை பேரு நிக்கிறாங்க, ஒருத்தன் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தல. கடைசியில அவளேதான் முறத்தைக் கீழ வச்சுட்டு மீன் கழுவுன தண்ணிச் சட்டியைத் தூக்கி என் மேல ஊத்தினா. ஊத்திட்டு ஒரு வார்த்தை சொன்னா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அழுதிருந்தா, நானே மன்னிச்சிருப்பேன்.

"எந்திரிச்சுப் போ. ஆறு தட்டு காத்துக்கிட்டிருக்கு, வழியை விடு."

அப்படிச் சொன்னா சார். சொல்லிட்டுத் திரும்பி, நிமாய் மூஞ்சியை ஈரத்துணியால தொடைச்சுவிட்டுட்டு, சோத்துக் கரண்டியை எடுத்தா. நான் கீழ கெடக்கறேன், அவ சோறு போடுறா. வரிசையில நின்னவன் என்னைத் தாண்டி வந்து தட்டை வாங்கறான். என் தலைக்கு மேல தட்டு போகுது.

இதுக்குக் கேசு உண்டா இல்லியா? ஒரு பொம்பள புருசனை உசுரோட வேக வச்சிருக்கா. போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். எடுக்கல. ஏன்னா அன்னைக்கு வரிசையில நின்ன அத்தனை பேரும் அவளுக்குச் சாட்சி சொல்லிட்டுப் போயிருக்காங்க. கல்கத்தாக்காரி ஒருத்தி சாட்சி சொல்றதுக்காகக் கப்பலையே விட்டுட்டு இங்க தங்கியிருக்கா. எவளோ ஒருத்தி, ஒரு தட்டு சோத்துக்கு வந்தவ. என்னை மறுபடி ஜாமீன்ல விடறப்ப கோர்ட்டுல என்ன சொன்னாங்க தெரியுமா, நான் அந்தக் கடைப் பக்கமே போகக்கூடாதாம். அந்தச் சங்குக் கடை இருக்கில்ல, அதைத் தாண்டக்கூடாது. நான் அடிச்ச பெஞ்சு, நான் பொளந்த டிரம்மு. இங்க உட்காந்து இளநி வெட்டிக்கிட்டுப் புகையைப் பாக்கறேன்.

ரொம்ப நல்லது சார், நீங்க பொறுமையாக் கேட்டீங்க. மத்தவங்க பாதியிலயே எந்திரிச்சுருவாங்க.

எனக்கு ஒரு சின்ன உபகாரம் மட்டும் பண்ணுங்க. சாப்பிட்டு வரும்போது எனக்கு ஒரு தட்டு பார்சல் வாங்கிட்டு வாங்க. காசு இந்தா. எனக்குன்னு சொல்ல வேண்டாம். சொன்னாத் தர மாட்டா. அவ மசாலா ஒரு வாய் தின்னு ஒரு வருசத்துக்கு மேலாச்சு. வேற எங்கயும் அந்த ருசி வராது, அதை நான் ஒத்துக்கறேன்.

அப்படியே இன்னொண்ணு. நிமாய் காலுக்கு ஏதோ ஆபரேசன்னு இன்னைக்குக் காலைக் கப்பல்ல போர்ட்பிளேருக்குப் போயிட்டான், அவன் அக்காவும் கூடப் போயிட்டான்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. நெசமான்னு மட்டும் பாத்துட்டு வாங்க. அடுப்புல யார் நிக்கறா, பின்னாடி தட்டு கழுவுற எடத்துல ஆளு இருக்கா, இல்ல அவ ஒத்தையில இருக்காளா. அவ்வளவுதான். உங்க கப்பல் போனதும் கூட்டம் காலியாயிரும், அதுக்கப்புறம் சாயங்காலக் கப்பல் வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா இருக்காது. ரெண்டு வார்த்தை பேசணும் அவகிட்ட. புருசன் பொண்டாட்டிக்குள்ள பேச ஆயிரம் இருக்கும்.

இது எதுக்குன்னா கேக்கறீங்க? அருவாளு. இளநி வெட்டறதுக்கு சார், காலையிலதான் தீட்டினேன். பாதி இளநியை வச்சுட்டு எந்திரிக்கறீங்களே, குடிச்சுட்டுப் போங்க. காசையும் வாங்காமப் போறீங்க.

சார். கடை இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போலீஸ் அவுட்போஸ்ட்டுதான் இருக்கு, அங்க சாப்பாடெல்லாம் கெடைக்காது. சார், ஓடாதீங்க சார், நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?